சென்னகிருஷ்ணன் போட்ட மூன்று மேடைகள்

ஓசூரில் என் தையல் கடைக்கு நேர் எதிரே சென்னகிருஷ்ணனின் வாடகைக் கடை இருந்தது. தாலுகாவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், காதுகுத்து என்றாலும், சாவு என்றாலும் அவருடைய பெட்ரோமாக்ஸ் விளக்கும் பெஞ்சும் ஜமக்காளமும்தான் போகும். ஆள் நல்ல உயரம். விளக்குக்குப் பம்பு அடித்து அடித்து வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். சட்டை தைக்க அளவெடுக்கும்போது நான் அதைச் சொல்லிச் சிரிப்பேன். வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ், வண்டிக்காரர்களிடம் கன்னடம். எங்கள் ஊரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

அவருக்கு நாடகம் என்றால் பைத்தியம். நடிக்கிற ஆசை எல்லாம் கிடையாது. இளவயதில் ஒரு முறை சேவகன் வேஷம் கட்டி, வசனம் மறந்து, ராஜாவைப் பார்த்து "விளக்குல காத்து எறங்குதுங்க" என்று சொல்லிவிட்டாராம். அதோடு மேடை ஏறவில்லை. ஆனால் எந்தக் கம்பெனி ஊருக்கு வந்தாலும் விளக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார். மேடைக்குப் பக்கத்திலேயே நின்று, விளக்கின் மேண்டில் வலை மங்காமல் பார்த்துக்கொண்டு, கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அப்படி நிற்கும்போதுதான் அவருக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. முன் வரிசை நாற்காலியில் எப்போதும் அதே முகங்கள். தாலுகா ஆபீஸ் அதிகாரி, இரண்டு வக்கீல், மண்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். கொட்டகைக்கு வெளியே, கீத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம், இன்னொரு கூட்டம் இருட்டில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே நடப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு நாள் விளக்குக்கு எண்ணெய் எடுக்க வெளியே வந்தவர், ஒரு பெண் புல்லுக்கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கீத்தின்மேல் காதை வைத்து நிற்பதைப் பார்த்தார். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கும் கெம்பம்மா.

"உள்ள வந்து பாரேன் கெம்பம்மா" என்றார்.

"உள்ளயா? நல்லா சொன்னீங்க சாமி. அவுங்க நாக்காலி போட்டு குந்திக்கினு இருக்கறாங்க. நான் எங்க குந்தறது? இங்கயே கேக்குது."

"கேட்டா போதுமா? வேஷத்தப் பாக்க வேணாமா?"

"ராணி அழுவறது கேக்குதே. அவ எப்பிடி இருப்பான்னு நானே நெனச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் காதைக் கீத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் அவர் என்னிடம் வந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "முனிவேலு, டிக்கெட்டே இல்லாம ஊர் முழுக்க ஆட்டம் போட்டா என்னா?" என்று கேட்டார். ஆட வருகிறவர்களுக்கு யார் சோறு போடுவது என்று நான் கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், அறுவடை முடிந்த தை மாதத்தில் அது நடந்தது. மண்டிக்காரர்கள் அரிசி கொடுத்தார்கள். பஞ்சாயத்து போர்டில் மைதானத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். விளக்கு, பெஞ்சு, ஜமக்காளம் எல்லாம் சென்னகிருஷ்ணனுடையது. திரையை நான் தைத்துக் கொடுத்தேன், கருநீலத்தில் சிவப்புக் கரை வைத்து. ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடம். ஒரு நாள் மத்திகிரிப் பண்ணைக்குப் பக்கத்து மைதானத்தில் கன்னட நாடகம். அடுத்த நாள் சந்தை மேட்டில் தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்து. பிறகு ஏரிக்கரையில் தெலுங்கில் பாடிக் கதை சொல்லும் புர்ரகதை, பாகலூரில் பொம்மலாட்டம். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: நாற்காலி கிடையாது. அதிகாரி வந்தாலும் ஜமக்காளத்தில்தான் உட்கார வேண்டும். இரண்டு வக்கீல்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு வரவே இல்லை. இன்னொருவர் முதல் நாள் முழுக்க ஓரமாக நின்றார், இரண்டாம் நாள் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்குச் சேதி சொன்னது பாகலூர் நாராயணப்பன். அவர் குடியானவர், வீட்டுப் பேச்சு கன்னடம், சென்னகிருஷ்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது அவருடைய மாட்டு வண்டிதான். போகிற வழியெல்லாம் வண்டிமேல் நின்றுகொண்டு மூன்று மொழியிலும் கத்துவார். "டிக்கெட் கெடையாது, நாக்காலி கெடையாது, தரை எல்லாருக்கும் உண்டு!" அவர் குரல் அந்தக் காலத்து மைக்கைவிட நன்றாகக் கேட்கும்.

கூட்டம் வந்தது. சந்தையில் கீரை விற்கிறவர்கள் காலிக் கூடையோடு வந்தார்கள். பண்ணை ஆட்கள் வந்தார்கள். சேரியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் முதல் நாள் ஜமக்காளத்துக்கு வெளியே மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். சென்னகிருஷ்ணன் இன்னொரு ஜமக்காளத்தைக் கொண்டுபோய் அவர்களுக்குப் பக்கத்தில், முதல் ஜமக்காளத்தோடு ஒட்டினாற்போல விரித்தார். சில பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். போனவர்களை அவர் கூப்பிடவில்லை. கெம்பம்மா ஒரு நாள் விடாமல் எல்லா இடத்துக்கும் நடந்தே வந்தாள். கீரைக்காரி பாப்பம்மா எப்படியோ அவளுக்குச் சேக்காளியாகிவிட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த வருஷம் கூட்டம் இன்னும் பெருகியது. கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வந்து, எங்கள் ஊரிலும் ஒரு நாள் போடுங்கள் என்று கேட்டார்கள். போட்டோம். சென்னகிருஷ்ணன் அந்த நாட்களில் நடந்த நடையே வேறு.

ஒரே ஒரு குறைதான். சத்தம். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடிக்கொண்டே இருக்கும். சண்டையோ கூச்சலோ இல்லை. தாழ்ந்த குரலில், அங்கே இரண்டு பேர், இங்கே இரண்டு பேர், விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். கூத்துக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சந்தையிலும் களத்திலும் ஆடிப் பழகியவர்கள். ஆனால் சென்னகிருஷ்ணனுக்கு அது மானக்கேடாக இருந்தது. "பழக்கம் இல்லாத ஜனம், போகப் போகக் கத்துக்குவாங்க" என்று கலைஞர்களிடம் சமாதானம் சொல்வார்.

மூன்றாம் வருஷம் சேலத்திலிருந்து ஒரு பெரிய நாடகக் கம்பெனியைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். அதில் ராஜா வேஷம் கட்டுகிறவர் பெயர் பெற்றவர். சந்தை மேட்டில் ஆட்டம். ராஜா தன் மகனைப் பிரிகிற கட்டம். அவர் மெல்லிய குரலில் வசனம் பேச, கூட்டத்தில் சலசலப்பு. அவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் சலசலப்பு. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"பேசுறவங்க எல்லாம் பேசி முடிச்சிடுங்க. முடிச்சதும் சொல்லுங்க, நான் பேசுறேன். இது என்ன நாடகமா, மாட்டுச் சந்தையா?"

கூட்டம் அடங்கிப் போயிற்று. அவர் உள்ளே போனார், திரும்ப வரவில்லை. கம்பெனிக்காரர்கள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். சென்னகிருஷ்ணன் மேடைக்குப் பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நடிகர் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே, "இலவசம்னு கூப்பிட்டா இப்படித்தான் வருவாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தச் சொல் சென்னகிருஷ்ணனை விடவே இல்லை. வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சரோஜம்மாள் என்னிடம் வந்து சொன்னார். "அந்த ஆளு இன்னா சொன்னா இவருக்கு இன்னா? ஜனம் வந்துச்சா இல்லியா?" என்று அந்த அம்மாள் கேட்டார். புருஷனிடமும் அதையே கேட்டிருப்பார். அவர் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் மொழிவாரி ராஜ்யப் பேச்சு எழுந்தது. ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அது வரைக்கும் ஒருவர் வீட்டுப் பேச்சை இன்னொருவர் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆரம்பித்தார்கள். என் கடைக்கு வந்த ஒரு மண்டிக்காரர் சென்னகிருஷ்ணனிடம் யோசனை சொன்னார். "புரியாத பாஷையில ஆட்டத்தப் போட்டா ஜனம் பேசத்தான் செய்யும். அவுங்கவுங்களுக்கு அவுங்கவுங்க பாஷையில தனித்தனி மேடை போடுங்க. சத்தமும் இருக்காது, சண்டையும் வராது."

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. சென்னகிருஷ்ணனுக்கு இருட்டில் வழி கிடைத்தது போல ஆயிற்று. புரியாமல் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு இத்தனை வருஷம் தெரியாமல் துன்பம் கொடுத்துவிட்டோம் என்றுகூடச் சொன்னார். ஐம்பத்தாறாம் வருஷம் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் மூன்று மேடை என்று முடிவாயிற்று. கோட்டைப் பக்கம் தமிழ், மத்திகிரியில் கன்னடம், ஏரிக்கரையில் தெலுங்கு. நான் இன்னும் இரண்டு திரை தைத்தேன்.

நாராயணப்பன் வண்டியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"ஏம்ப்பா கிருஷ்ணா, எதுக்குப் பிரிக்கிற?"

"பிரிக்கலப்பா. அவுங்கவுங்களுக்குப் புரியிற மாதிரி பண்றேன். புரியாம வந்து குந்திக்கினு இருந்தா பேசாம என்னா பண்ணுவாங்க?"

"புரியாமயா இத்தினி வருசமும் ஜனம் வந்துச்சி?"

"சும்மா வேடிக்கை பாக்க வந்துச்சி. நான் கலையப் பாக்க வெக்கிறேன்."

நாராயணப்பன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கன்னட மேடைன்னு நான் கத்திக்கினு போனா, தமிழ் பேசறவன் அந்தப் பக்கம் வருவானா? தமிழ் மேடைன்னு கத்தினா எங்கூர்க்காரன் வருவானா? இந்த நேரத்துலயா இதப் பண்றது? யோசிச்சிப் பாரு."

"நீ எப்பவும் இப்பிடித்தான். புதுசா ஒண்ணு பண்ணா தடை சொல்லுவ."

"சரி. பெஞ்ச ஏத்து. வண்டி ஓட்டறேன். கத்தமாட்டேன்."

அப்படியே செய்தார். அந்த வருஷம் வண்டி சத்தமில்லாமல் போயிற்று. சேதி சொல்ல வேறு ஆட்களைப் பிடித்தார்கள், மொழிக்கு ஒருவராக.

முதல் நாள் மூன்று மேடையும் அமைதியாக நடந்தன. கலைஞர்கள் பாராட்டினார்கள். ஓர் ஊசி விழுந்தால் கேட்கும், இதுதான் ரசிகர் கூட்டம் என்று கோட்டை மேடையில் ஒரு பாட்டுக்காரர் சொன்னார். சென்னகிருஷ்ணன் சைக்கிளில் மூன்று இடத்துக்கும் அலைந்து அலைந்து விளக்கைப் பார்த்துக்கொண்டார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

இரண்டாம் நாள் ஏரிக்கரையில் சில பேர் அவரை வழிமறித்தார்கள். கோட்டை மேடைக்கு அதிக விளக்கு வைத்திருக்கிறாயே, நாங்கள் என்ன இளக்காரமா என்று கேட்டார்கள். எல்லா மேடைக்கும் ஒரே அளவுதான் என்றார். அவர்கள் நம்பவில்லை. மத்திகிரியில், உங்கள் தெலுங்குப் பந்தலைவிட எங்கள் பந்தல் ஏன் சின்னது என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் மூன்று மேடைக்கும் முன்னால் நாற்காலிகள் வந்துவிட்டன. அவர் போடவில்லை. அந்தந்த மேடைக்குத் தலைவர்கள் என்று சில பேர் முளைத்திருந்தார்கள், அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பின்னால் உட்காருகிற ஜனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போயிற்று.

கெம்பம்மாவை முதல் நாளோடு காணவில்லை. கடைசி நாளுக்கு மறுநாள் காலையில் மத்திகிரிப் பாதையில் அவள் புல்லுக்கட்டோடு எதிரே வந்தாள். அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"என்னா கெம்பம்மா, ஒடம்புக்கு முடியலியா? ஆட்டம் பாக்க வரலியே."

"ஒரு நாளு வந்தேன் சாமி. எங்க பாஷ மேடைதான். நல்லாத்தான் ஆடுனாங்க."

"அப்பறம் ஏன் வரல? இப்ப எல்லாமே புரியுமே."

அவள் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள். "புரிஞ்சிது சாமி. புரிஞ்சி என்னா பண்றது? முந்தியெல்லாம் கன்னட நாடகம்னா பாப்பம்மா 'என்னா சொன்னான், என்னா சொன்னான்'னு என்னைத் தொளைப்பா. நான் சொல்லிக்கினே இருப்பேன். கூத்துன்னா நான் 'ஏனந்த, ஏனந்த'ன்னு அவளக் கேப்பேன். புர்ரகதைக்கி எங்க ரெண்டு பேருக்கும் பின்னாடி ஒரு தெலுங்கு ஆளு குந்திக்கினு சொல்லுவாரு. பேரு கூடத் தெரியாது. அப்பிடியே பேசிக்கினு பாப்போம். இப்போ அவ கோட்டைக்கிப் போவணும், நான் இங்க இருக்கணும். தெரிஞ்ச கதைய நான் யாருக்குச் சொல்றது?"

அவள் கட்டைச் சரிசெய்துகொண்டு, "வர்றேன் சாமி, மாடு காத்துக்கினு இருக்கும்" என்று போய்விட்டாள்.

அன்று மதியம் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "முனிவேலு, அந்தச் சலசலப்பு என்னான்னு நான் போய்க் கேக்கவே இல்லடா. மூணு வருசமும் மேடைப் பக்கமே நின்னுக்கினு இருந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கூட்டத்துக்கு நடுவுல குந்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒருத்தருக்கு ஒருத்தர் கதை சொல்லிக்கினு இருந்தாங்கடா. அதைப் போயி நான் வாய மூடுன்னு சொல்லிட்டேன்."

"நீங்க யாரையும் வாய மூடுன்னு சொல்லலியேண்ணா" என்றேன்.

"அவனவன தனித்தனியா ஒக்கார வெச்சேன். வேற என்னாத்த சொல்றது?"

அடுத்த வருஷம் பழையபடி ஒரே மேடை என்று அறிவித்தார். அது அவ்வளவு சுலபமாக இல்லை. முந்தின வருஷத்து மூன்று மேடைக்கும் மூன்று சங்கம் உருவாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைவர், பேனர். ஊர் எந்தப் பக்கம் என்பது அதற்குள் முடிவாகிவிட்டது என்றாலும் மனங்களில் ஏறியது இறங்கவில்லை. எங்கள் மேடையை எங்களிடம் கொடுங்கள், நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்றார்கள். மண்டிக்காரர்கள் அவரவர் சங்கத்துக்கு அரிசி அனுப்பினார்கள்.

அவர் பாகலூருக்குப் போய் நாராயணப்பனைக் கூப்பிட்டார். நாராயணப்பன் கோபமாகப் பேசவில்லை. மோர் கொடுத்து உட்கார வைத்தார். "எம்பசங்க ரெண்டு பேரும் கன்னட மேடைச் சங்கத்துல இருக்கறாங்கப்பா. நான் இப்ப வண்டி மேல ஏறி மூணு பாஷையில கத்தினா, நீ யார் பக்கம்னு எங்கூர்ல கேப்பாங்க. அந்த வருசம் கத்தாத இருந்தது போதும்னு நெனச்சேன். உன்னைக் கையைப் புடிச்சி நிறுத்தியிருக்கணும். எனக்கும் அது கொறைதான்" என்றார்.

ஒரே ஒரு நாள் மட்டும், சந்தை மேட்டில், தனியாளாக சென்னகிருஷ்ணன் அந்த ஒரே மேடையைப் போட்டார். பொம்மலாட்டம். என் பழைய கருநீலத் திரை. நாற்காலி இல்லை. பெரிய ஜமக்காளங்களை ஒட்டி ஒட்டி விரித்தார். ஜனம் வராமல் இல்லை, கொஞ்சம் வந்தது. வந்தவர்கள் மூன்று குவியலாக உட்கார்ந்தார்கள். குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே ஜமக்காளம் வெறுமையாகக் கிடந்தது. சென்னகிருஷ்ணன் விளக்கை என்னிடம் விட்டுவிட்டு அந்த வெறும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு வயதானவரிடம், பொம்மை என்ன சொல்கிறது தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டார். அவர் "தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஆட்டம் எதுவும் போடவில்லை. கடையை நடத்தினார். நாடகத்துக்கு விளக்கு கேட்டு வந்தால் ஆள் மூலமாக அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கெம்பம்மா அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பாப்பம்மா சொல்லிக் கேள்விப்பட்டோம். போகும்போது பாப்பம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லையாம். அதைச் சொல்லிக் கீரைக்காரி சந்தையிலேயே அழுதாள்.

ஐம்பத்தொன்பதில் நாராயணப்பன் மகளுக்குப் பாகலூரில் கல்யாணம். விளக்கும் பெஞ்சும் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். சென்னகிருஷ்ணன் தானே கிளம்பினார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாராயணப்பன் தலைப்பாகையோடு வாசலில் நின்று வரவேற்றார். பெண் வீட்டுக்காரர் என்ற அலைச்சலிலும் இரண்டு முறை வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விருந்து முடிந்து ஜனம் கலைந்ததும் நாங்கள் பெஞ்சுகளைத் தூக்க ஆரம்பித்தோம். நாராயணப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. இரண்டு பேரும் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

"தை மாசம் வந்திடுச்சி. இந்த வருசமும் ஒண்ணும் போடலியாப்பா?" என்று நாராயணப்பன் கேட்டார்.

"இல்லப்பா" என்றார் சென்னகிருஷ்ணன்.

நாராயணப்பன் தலையை ஆட்டினார். பிறகு கயிற்றின் ஒரு நுனியை அவரிடம் எறிந்தார். பெஞ்சுகள் ஆடாமல் இருக்க இரண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று இழுத்துக் கட்டினார்கள்.